ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர் முழிச்சிருக்கிறியள்?

அன்பான ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். ஒரு வருசமா இங்க நான் ஒண்டும் எழுதேல்லை. கோயில் கணக்கில இருந்து வாசிகசாலைக் கூரை வரைக்கும் மூக்கை நுழைக்கிறவன், என்ன பேச்சு மூச்சில்லை எண்டு சிலர் யோசிச்சிருப்பியள். அரைவாசிப் பேருக்குத் தெரியும். மிச்சப் பேருக்கு இப்ப சொல்லுறன்: எனக்கு லிம்ஃபோமா, நிணநீர்க்கணுவில வாற புற்றுநோய். ஆறு கீமோவும் முடிஞ்சு, புற்றுநோய் இருக்கிற இடத்தை மினுக்கிக் காட்டுற பெட் ஸ்கான் சித்திரையில எடுத்தது, ஒண்டும் மினுங்கேல்லை. போன கிழமை டொக்டர் "மூண்டு மாசம் கழிச்சு வாங்கோ" எண்டு அனுப்பிவிட்டார்.

வருத்தக்கதை சொல்ல வரேல்லை. நாலு பேருக்கு நன்றி சொல்லவேணும். நேர சொல்ல விடுறாங்களில்லை. இங்க கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறவனிட்ட ஒருக்கா "மச்சான், நன்றியடா" எண்டு துவங்கினன். "விசர்க்கதை கதையாத, தேத்தண்ணியைக் குடி" எண்டுபோட்டு ஸ்னோ தள்ள வெளியில போயிட்டான். எங்கட ஆக்கள் நன்றியை மேடையில சொல்லுவினம், கலியாணக் கார்டில அச்சடிப்பினம். சிநேகிதனிட்டச் சொன்னா அவனைப் பிறத்தியானாக்கின மாதிரி. அதுதான் சபையில சொல்லுறன். சபையில இருந்து எழும்பிப் போக வெக்கப்படுவாங்கள்.

துவங்கினது கழுத்தில, நெல்லிக்காய் அளவில ஒரு கட்டியா. நோகேல்லை. முதல் காட்டின இடத்தில ரெண்டு தரம் அன்ரிபயோட்டிக் தந்து அனுப்பிச்சினம். அதோட மூண்டு மாசம் போச்சு. கோவம் இன்னும் இருக்கு, விடுவம். ஆனா நோகாத கட்டி, ராத்திரியில சேட் நனையிற வேர்வை, காரணமில்லாத மெலிவு, இதுகளைக் கண்டா பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. எனக்கு ஊசியால எடுத்தது காணாதெண்டு, கணுவை முழுசா வெட்டி எடுத்துப் பாத்துத்தான் பேரைச் சொன்னவை.

கீமோ 21 நாளைக்கு ஒருக்கா. முதல் நாள் றிட்டுக்சிமாப் எண்ட மருந்து ஏத்தேக்க உடம்பு ஒத்துக்கொள்ளேல்லை. பல்லுக் கிட்டிற நடுக்கம். நேர்ஸ் மருந்தை நிப்பாட்டிப்போட்டு, சூடாக்கின கம்பளி ரெண்டு கொண்டுவந்து போத்திவிட்டா. பிறகு சொட்டுச் சொட்டாக் கூட்டி முடிக்க வெளியில இருட்டீட்டுது. சிவத்த மருந்து ஒண்டு, டொக்சோரூபிசின். பாக்க றோஸ் சிரப் மாதிரி. பெரிய சிரிஞ்சில, பக்கத்தில இருந்து மெல்ல மெல்லத் தள்ளுவினம். அண்டைக்கு மூத்திரமும் அதே நிறத்தில போகும். முதலே சொல்லியிருந்தும் பயந்துபோனன்.

மயிர் கொட்டினது, வாய்ப்புண் எல்லாம் நீங்கள் கேட்ட கதைதான். என்னை உண்மையா அரிச்சது நித்திரையில்லாதது. ஒவ்வொரு கீமோவோடையும் அஞ்சு நாள் பிரட்னிசோன் விழுங்கவேணும். அது ஸ்டிரொயிட். உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரிக் கிடக்கும், கண் மட்டும் மூடாது. மனுசிக்கு விடிய வேலை, எழுப்ப மனமில்லை. குசினி மேசையில குந்தியிருந்து பிரிட்ஜ் இரையிறதைக் கேட்டுக்கொண்டிருப்பன். அப்பிடி ஒரு ராத்திரி, ரெண்டு மணிக்கு, பள்ளிக்கூட வகுப்பு வாட்ஸப்பில சும்மா ஒரு வரி போட்டன்: "ஆர் முழிச்சிருக்கிறியள்?"

மெல்பேணில பின்னேரம் ஆறு மணி. லண்டனில விடிய ஏழு; அவன் பெற்றோல் ஸ்டேசன் வேலை முடிச்சு பஸ்ஸுக்கு நிக்கிறான். ஊரில மத்தியானம் பன்னிரண்டரை. ஒரு நிமிசத்தில மூண்டு பேரும் வந்திட்டாங்கள்.

நாங்கள் திக்குத் திக்காய்ப் போனதைப் பற்றி இங்க எத்தினை தரம் ஒப்பாரி வைச்சிருக்கிறம்? நானே வைச்சிருக்கிறன். அண்டைக்குத்தான் அதில ஒரு லாபத்தைக் கண்டன். எங்கட வகுப்பில எந்த நேரத்திலையும் ஆரோ ஒருத்தன் முழிச்சிருக்கிறான்.

மெல்பேண்காரன்தான் விளையாட்டைத் துவங்கினவன். "யாழ்ப்பாணம்-பருத்தித்துறை 750 பஸ்ஸில வந்து நெல்லியடிச் சந்தியில இறங்கீட்டாய் எண்டு வை. இப்ப வீட்டை நட. இடப்பக்கம் முதல் கடை ஆற்ற?" ஒரு ராத்திரிக்கு ஒரு துண்டு ரோட்டுத்தான். வீடு, படலை, மதிலோ கிடுகு வேலியோ, நாய் கடிக்குமோ, எல்லாம் சொல்லவேணும். தப்பினா திரும்பச் சந்தியில இருந்து. இப்பிடியே ரெண்டு கீமோ போச்சு.

மூண்டாம் கீமோவில ஒழுங்கை முடக்கில மாட்டுப்பட்டம். அந்தப் பெரிய புளியமரம் தபால்காரர் வளவுக்குள்ள எண்டு அவன். இல்லை, பரியாரியார் வளவுக்குள்ள எண்டு நான். லண்டன்காரன் அது புளியே இல்லை, இலுப்பை எண்டான். அஞ்சு ராத்திரி சண்டை. கடைசியில ஊரில இருக்கிறவன், பாதிச் சாப்பாட்டில கையைக் கழுவிப்போட்டு, அந்த வெய்யிலுக்க சைக்கிள் மிதிச்சுப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். மரமில்லை, வெறும் மதில். பக்கத்து வீட்டு ஆச்சியைக் கேட்டிருக்கிறான். 87 இல ஆமி வடமராட்சியில செய்த ஒப்பரேசன் லிபரேசனில செல் விழுந்து கொப்பெல்லாம் போக, பிறகு தறிச்சவையாம். புளிதானாம். ரெண்டு வளவுக்குள்ளையும் இல்லையாம், ஒழுங்கைக்கரையில நிண்டதாம். "நீங்கள் எல்லாரும் அந்தப் பழத்தைப் பொறுக்கித் திண்ட பிள்ளையள்தானே, மறந்திட்டியளோ" எண்டு மனுசி பேசினதாம். நான் குசினியில வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன். வாய்ப்புண்ணுக்குச் சிரிப்பு நல்லதில்லை.

ஸ்காபரோக்காரன் இந்த விளையாட்டுக்கு வாறேல்லை. ரெண்டு மணிக்கு அவன் குறட்டை. அவன்ர வேலை வேற. முதல் கீமோவுக்கு முதல் நாளே தேர்மோமீற்றரோட வந்து, எங்கட பிரிட்ஜில தடிச்ச பேனையால 38.3 எண்டு எழுதி ஒட்டினான். அந்தச் சூட்டுக்கு ஒருக்கா ஏறினாக் காணும், விடியட்டும் எண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும். ரெண்டாம் கீமோவுக்குப் பத்தாம் நாள், விடியப்புறம் மூண்டு மணிக்கு 38.4. இருபது நிமிசத்தில வாசலில நிக்கிறான், சாரத்துக்கு மேல ஸ்னோ ஜக்கெற், காலில செருப்பு. வெளியில மைனஸ் 14. அவசரப்பிரிவில கீமோக் கார்டைக் காட்டின உடன உள்ள எடுத்து மருந்தேத்தினவை. நியூட்ரோபில், கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளையணு, 0.2; அரைக்குக் கீழ போனாலே ஆபத்து. விடியும்வரை அந்த மெலிஞ்ச சாரத்தோட கதிரையில குந்தியிருந்து, "இந்த நாட்டு ஆஸ்பத்திரியளில ஹீட்டரே இல்லையோ" எண்டு புறுபுறுத்தான்.

வேலையில்லாக் காலத்துக் காசுக்குப் படிவம் நிரப்பினவனும் அவன்தான். கனடாவில இருக்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை: ஈஐ, அதுதான் வேலைக் காப்புறுதி, அதில தாற வருத்தக் காசு முந்தி 15 கிழமைதான், 2022 மார்கழியில இருந்து 26 கிழமை வரைக்கும் எடுக்கலாம். எனக்கு அதுகூடத் தெரியாது.

அன்னமுன்னா இலை அவிச்சுக் குடிக்கச் சொன்ன அண்ணைமார் அக்காமாருக்கும் நன்றி. குடிக்கேல்லை. கீமோ நேரம் டொக்டரைக் கேக்காமல் ஒண்டும் தொடக்கூடாது.

இன்னொரு கதை. ஒரு வருசமா ஒரு போன்கூட எடுக்காத நெருங்கின ஆக்களும் இருக்கினம். கனநாள் மனசுக்குள்ள திட்டிக்கொண்டிருந்தன். பிறகு ஒரு ராத்திரி எனக்கே உறைச்சுது. பிரான்சில எங்கட வகுப்புக்காரன் ஒருத்தன் கிட்னி வருத்தத்தில டயலிசிஸ் செய்துகொண்டிருந்த ரெண்டு வருசமும் நான் அவனுக்கு எடுக்கேல்லை. என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டது. டேய், நீ இதை வாசிப்பாய். பிழை என்ர. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன், மறிக்காத.

சங்கம் எனக்கெண்டு சேர்த்த காசு அப்பிடியே கிடக்கு. இங்க ஆஸ்பத்திரிக்குக் காசில்லை, ஆஸ்பத்திரிப் பார்க்கிங்குக்குத்தான் காசு. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வாற ஊராக்களுக்கு வான் காசாய்க் குடுங்கோ. 2011 இல தெற்கு முனையில இருக்கிற தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை மட்டும் 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த காசில கட்டினது அது. முந்தி எங்கட சனம் கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கெல்லோ ஓடினது. கீமோ ஏத்தின உடம்போட பஸ்ஸில நிண்டு வாறது என்ன பாடெண்டு எனக்கு இப்ப தெரியும். ஊரில இருக்கிறவன் கணக்குப் பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறான்.

விரல் நுனி இன்னும் விறைப்புத்தான், சேட் பொத்தான் பூட்ட மனுசி வேணும். நித்திரை வருது. ஆனா நடை நிக்கேல்லை. சனிக்கிழமையில நடக்கிறம், இப்ப கோயில் கேணியடிக்கு வந்திட்டம். கேணி தாண்டி வலப்பக்கம், செவ்வரத்தை வேலி போட்ட முதல் வீடு ஆற்ற? லண்டன்காரன் சங்கக்கடை மனேச்சர் வீடெண்டு நிக்கிறான். எனக்கு நம்பிக்கையில்லை. தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.