ஆக்கன் போல்டுல செரிஃப வெட்டிட்டா ஒருத்தனுக்கும் தெரியாதாம்!

அச்சுக்கோழி:
நேத்து கிரிட்மன்னன் போற போக்குல ஒண்ணு எழுதிட்டு போயிருக்காரு, "ஆக்கன் போல்டுங்கற இங்கிலீஷ் எழுத்துருல இருக்கற செரிஃப், அதான் எழுத்துக் கோட்டு முனையில நீட்டிட்டு நிக்கற பாதம், சும்மா ஒப்புக்கு, வெட்டி எறிஞ்சாலும் ஒருத்தனுக்கும் தெரியாது"ன்னு. படிச்சதுலேந்து எரிச்சல் அடங்கல. 1969ல காலின் பிரிக்னல் லெட்ராசெட் கம்பெனிக்கு வரைஞ்ச எழுத்து அது. தலைப்புக்குன்னே பண்ணது, தண்டு தடியா, எழுத்தெல்லாம் நெருக்கமா, செரிஃப் குட்டையா மொழுக்குனு நிக்கும். அந்தக் குட்டைதான் அதோட உயிரே. அதப் போய் ஒப்புக்காம்ல.

கிரிட்மன்னன்:
சொன்னேன், இப்பவும் சொல்றேன். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, கருப்பா ஒரு திட்டுதான் தெரியும், பாதம் எங்க தெரியுது? உயிராம் கியிராம்.

அச்சுக்கோழி:
தலைப்ப தள்ளி நின்னுதான சார் பாப்பாங்க, மூக்கு உரசற மாதிரி வச்சா படிப்பாங்க? சரி, இங்கிலீஷ் பெரிய ஐ (I) ஒண்ணு எடுங்க. மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் செரிஃப் நீட்டிட்டு இருக்கும். சின்ன எல்லுக்கு (l) மேல இடது பக்கம் மட்டும்தான். இப்ப எல்லாத்தையும் வெட்டுங்க. மிச்சம் ரெண்டு தடிக் கட்டை, அவ்ளோதான். எது ஐ, எது எல், நீங்களே சொல்லுங்க.

மசிக்கறை:
ஸ்லாப், அதாவது தடி செரிஃப் எழுத்துன்னா எதுன்னு முதல்ல பேசிட்டு அப்புறம் அடிச்சுக்கலாமே? 1845ல பெஸ்லி பதிவு பண்ண கிளாரண்டன் எழுத்துருல தண்டும் செரிஃபும் சேர்ற இடம் வளைவா இருக்கும், ராக்வெல் எழுத்துருல நறுக்குனு நேரா முட்டும், ஆக்கன எதுல சேர்க்கறீங்க?

அச்சுக்கோழி:
அது அப்புறம். கிரிட்மன்னன், ஐக்கு பதில் சொல்லுங்க.

கிரிட்மன்னன்:
ஒரு தலைப்புல ஐயும் எல்லும் பக்கத்து பக்கத்துல எத்தன வாட்டி வந்துரப் போகுது?

அச்சுக்கோழி:
இல்லினாய்ஸ்னு இங்கிலீஷ்ல முதல் எழுத்து மட்டும் பெரிசா போட்டு அடிச்சுப் பாருங்க. பெரிய ஐ, ரெண்டு சின்ன எல். செரிஃப் இல்லேன்னா மூணு வேலிக்கம்பி நட்ட மாதிரி நிக்கும்.

ஸ்டென்சில்சிங்காரி:
எனக்கு அந்த எழுத்தே ஆகாது. கொஞ்சம் சைஸ் குறைச்சா மை அப்பி சின்ன ஈ (e), சின்ன ஏ (a) ரெண்டுக்கும் உள்ள இருக்கற ஓட்டை அடைஞ்சு போயிடுது. நெருக்கமா ஸ்லாப் வேணும்னா ராக்வெல் போல்ட் கண்டென்ஸ்ட் இருக்கு, எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க.

அச்சுக்கோழி:
தலைப்புக்குப் பண்ண டிஸ்ப்ளே எழுத்த 10 பாயிண்ட்ல பொடிசா அடிச்சுட்டு அழுதா எழுத்து என்னம்மா பண்ணும்?

ஸ்டென்சில்சிங்காரி:
10 பாயிண்ட்னு நான் சொன்னேனா? சொல்லாதத சொன்னேன்னு ஏத்தி விடறதே உங்க வேலை. மெம்ஃபிஸ்னு இன்னொரு ஸ்லாப் எழுத்துரு பேச்சு வந்தப்பவும் இதேதான். மெம்ஃபிஸ் 1929, ராக்வெல் 1934, மெம்ஃபிஸ்தான் முந்தினதுன்னு நான் சொன்னத ரெண்டு நாள் கழிச்சு நீங்க கண்டுபிடிச்ச மாதிரி எனக்கே பாடம் எடுத்தீங்க. மறக்கல.

கிரிட்மன்னன்:
😂 இது வேற நடந்துச்சா. சரி, ஐபிஎம் லோகோ பாருங்க. அதுவும் ஸ்லாப்தான். 1972ல டிசைனர் பால் ராண்ட் அத எட்டு பட்டையா கீறிட்டாரு, எழுத்துல பாதி வெள்ளையாவே போச்சு, யாருக்காச்சும் படிக்க முடியாமப் போச்சா? பாதத்த வெட்டினா மட்டும் செத்துருமாக்கும்.

அச்சுக்கோழி:
ஐயா சாமி, அந்த லோகோவையே நல்லா பாருங்க! முதல் எழுத்து ஐதான? மேல ரெண்டு பட்டை அகலம், கீழ ரெண்டு பட்டை அகலம், நடுவுல இருக்கறதெல்லாம் ஒடுக்கம். அந்த அகலப் பட்டைதான் செரிஃப். அத வச்சுதான் அது ஐன்னே தெரியுது. எனக்கு சாட்சி சொல்ல நீங்களே ஆள கூட்டிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி.

கிரிட்மன்னன்:
அது அகலமான செரிஃப், யார் இல்லேன்னா? ஆக்கன்ல அவ்ளோ எங்க இருக்கு? அதான் ஒப்புக்குன்னேன்.

அச்சுக்கோழி:
ஏன் குட்டைன்னு யோசிச்சீங்களா, எழுத்த நெருக்கி வைக்கணும்னா நீட்டு செரிஃப் பக்கத்து எழுத்தோட போய் முட்டும், அப்ப ஒண்ணு இடைவெளி விடணும் இல்ல செரிஃப ஒட்ட நறுக்கணும், பிரிக்னல் நீளத்த குறைச்சாரு ஆனா தடிமன்ல கை வைக்கல, அதனாலதான் ஒரு வார்த்தை அடிச்சா பாதம் பாதமா சேர்ந்து கீழ ஒரே வரியா இறுகி நிக்குது, அதுலயும் லெட்ராசெட் தேய்ச்சு ஒட்டற சமாச்சாரம், இடைவெளியெல்லாம் ஒட்டறவன் கண்ணளவுதான், அங்க குட்டை செரிஃப் இருந்தா எவ்ளோ நெருக்கி ஒட்டலாம்னு ஒட்டிப் பாத்தவனுக்குதான் தெரியும்.

மசிக்கறை:
கண்ணளவா? லெட்ராசெட் ஷீட்ல எழுத்துக்கு கீழ சின்னச் சின்னக் கோடு இருக்குமே, அத சேர்த்து வச்சுதான் இடைவெளி பிடிப்பாங்க. சும்மா அடிச்சு விடாதீங்க.

அச்சுக்கோழி:
தலைப்பு ஒட்டறவன் எவன் அந்தக் கோட்ட மதிச்சான்?

மசிக்கறை:
நீங்க ஒட்டிருக்கீங்களா முதல்ல?

அச்சுக்கோழி:
தேய்க்கும்போது விரிசல் விட்ட எழுத்த பிளேடு முனையால சுரண்டிட்டு மறுபடி ஒட்டின கை இது. எங்கிட்டயா கேக்கறீங்க?

ஸ்டென்சில்சிங்காரி:
தாத்தா கதை ஸ்டார்ட்டட் 🍿

கிரிட்மன்னன்:
1977ல ஆலன் மீக்ஸ் ஆக்கன் மீடியம் பண்ணாரே, அதுல தண்டு மெலிஞ்சதும் செரிஃப் பளிச்சுனு தெரியுதுல்ல? அப்ப போல்டுல தண்டு அத முழுங்கிடுச்சுன்னுதான அர்த்தம்?

அச்சுக்கோழி:
மீடியத்த யாரு கேட்டா? பேச்சு போல்டு. பெரிய ஐ, சின்ன எல், பக்கத்துல பக்கத்துல, வெட்டிக் காட்டுங்க.

கிரிட்மன்னன்:
காட்டினா மட்டும் ஒத்துக்கவா போறீங்க? போன தடவ படம் போட்டப்ப ஓரம் மங்கலா இருக்குன்னு ஒதுக்கித் தள்ளினவருதான நீங்க.

அச்சுக்கோழி:
மங்கலாத்தான் இருந்துச்சு. பெரிசாக்கினாலும் ஓரம் மங்காத வெக்டரா போடுங்க. ஓ (O), எஸ் (S)னு வளைஞ்ச எழுத்தா பொறுக்கி டபாய்க்கக் கூடாது.

மசிக்கறை:
கிளாரண்டன் வளைவு பத்தி ஒண்ணு கேட்டேன், யாராச்சும்...

அச்சுக்கோழி:
அப்புறம்னு சொன்னேன்ல.