அம்மாவின் மணிக்கட்டும் தைராய்டு மாத்திரையும்

கோலப்பொடி:
அம்மாவுக்கு 71. பல வருஷமாக தைராய்டு மாத்திரை, 125 மைக்ரோகிராம். போன மார்கழியில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவள் ஈர வாசலில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. மணிக்கட்டு கரண்டி மாதிரி வளைந்திருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் காவி இடலைடி" என்கிறாள்! கட்டுப் போட்ட டாக்டர், "கடைசியா டி.எஸ்.எச். எப்போ பார்த்தீங்க?" என்றார். தைராய்டுக்கான ரத்த டெஸ்ட் அது, பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறோம். பார்த்தால் 0.05. இவ்வளவு குறைந்தால் மாத்திரை மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.1, எலும்பு நன்றாகவே மெலிந்திருந்தது. இடையில் அம்மா பத்து கிலோ இளைத்திருந்தாள், டோஸ் மட்டும் அப்படியே. இளைத்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டவள் நான்.

மாடிவீடு:
என் மாமியாருக்கு மாத்திரையே கிடையாது. தைராய்டு தானாகவே அதிகம் சுரந்திருக்கிறது. சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தார். மாமா போன துக்கம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் புடவை தரையில் இழுபட்டது. "இந்தப் புடவை நீளமாயிடுச்சா?" என்று கேட்டார். குட்டையானது அவர்தான். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் அமுங்கியிருந்தது.

வேப்பமரம்:
இதற்குத்தான் அந்த மாத்திரையே வேண்டாம் என்பது. எலும்பைத் தின்கிற மருந்து. அப்பா நிறுத்தி ஆறு மாசம், நன்றாகத்தான் இருக்கிறார்.

மருந்துக்கடை ரிட்டயர்டு:
வேப்பமரம், ஊரைக் கெடுக்காதீர்கள். சரியான அளவு எலும்பைத் தின்னாது, மிஞ்சினால்தான் வம்பு. எலும்பு எப்போதும் கரைந்து கரைந்து புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஹார்மோன் கூடினால் கரைவது முந்திக்கொள்ளும், கட்டுவது பின்தங்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் மோசம். உங்கள் அப்பாவை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் டெஸ்ட், அப்புறம் வருஷம் ஒருமுறை. புற்றுநோய்க்காக தைராய்டை எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே குறைத்து வைப்பதுண்டு, அவர்கள் தாமாகக் கைவைக்கக் கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி. காலையில் மாத்திரை போட்டு அரை மணியாவது கழித்துத்தான் காபி. என் அக்காவுக்கு இடுப்பெலும்பு. அதைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

கோலப்பொடி:
சார், 4 மணி நேரம் சரி. காபி விஷயத்தை அம்மாவிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள். டோஸை 100 ஆக்கியிருக்கிறார்கள். இந்த மார்கழிக்கு அவள் நாற்காலியில், நான் வாசலில். புள்ளி கோணலாம்.