சேலத்தில் இருவராக வாழ்வது: உறவுமுறை கேட்கப்பட்ட இடங்கள்

கன்னங்குறிச்சியிலிருந்து ஒருவர்:

சேலம் போன்ற ஊரில் இரண்டு ஆண்கள் இணையராகச் சேர்ந்து வாழ முடியுமா, அல்லது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவதுதான் நல்லதா என்று இங்கே ஓர் இளைஞர் கேட்டிருந்தார். நானும் என் இணையரும் பல ஆண்டுகளாக இந்த ஊரில் ஒரே வீட்டில் வாழ்ந்து வருவதால் எங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுகிறேன். முடியும் என்பதே என் பதில். ஆனால் எது எளிது, எது கடினம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. தெருவிலும் கடையிலும் மலைப்பாதையிலும் எங்களை யாரும் தொந்தரவு செய்ததில்லை. இருவரும் என்ன உறவு என்று ஒரு படிவம் கேட்கும் இடத்தில்தான் சிக்கல் வந்திருக்கிறது.

என் இணையர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நான் வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவன். விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும் வரியை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், மாதத்தின் நடுப்பகுதியில் நான் வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்தான். அவருக்கோ முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்பும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே கல்யாணங்கள் நடக்காத ஆடியும் மார்கழியுமே எங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று அறிவுரை சொல்லும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரு கொலுசு பல கைகள் மாறித்தான் முடிகிறது, அந்தக் கைகள் அத்தனையும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. அவரால் அந்தத் தொழிலைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக முடியாது. அவர் இல்லாத ஊரில் எனக்கு வேலையில்லை.

வீடு கிடைப்பதற்குச் சற்று அலைய நேர்ந்தது. ஃபேர்லாண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கமெல்லாம் குடும்பத்துக்குத்தான் விடுவோம் என்றார்கள். திருமணமாகாத எந்த ஆணுக்கும் கிடைக்கும் பதில்தான் அது, எங்களுக்கென்று தனியாகச் சொல்லப்பட்டதில்லை. கடைசியில் மூக்கனேரிக்கு அருகில், கணவரை இழந்த ஓர் அம்மா தம் மாடி வீட்டைக் கொடுத்தார். முதல் ஆண்டு முழுவதும் எங்களுக்குப் பெண் பார்ப்பதில் ஆர்வமாக இருந்தவர், பிறகு எப்போது என்று சொல்ல முடியாதபடி அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார். ஆடியில் கூழ் ஊற்றினால் முன்பெல்லாம் ஆளுக்கொரு சொம்பு கொடுத்தனுப்புவார், இப்போது ஒரே தூக்குவாளியில் வருகிறது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் எங்களைக் கேட்டதில்லை.

பயணத்தைப் பற்றியும் அந்த இளைஞர் கேட்டிருந்தார். மார்கழியில் விடியற்காலை ஏற்காட்டு மலையடிவாரத்திலிருந்து வண்டியை எடுத்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். அந்தப் பருவத்தில் ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் சிவந்து அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஏரிக்கரையில் கோடைக்காலக் கூட்டமும் இருக்காது. விடுதிகளில் எங்களுக்கு ஒருபோதும் அறை மறுக்கப்பட்டதில்லை. ஆதார் அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள், ஒரே கட்டிலா இரண்டு கட்டிலா என்று கேட்பார்கள், சாவியைக் கொடுப்பார்கள். ஒருமுறை எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞனையும் இளம்பெண்ணையும் முகவரி வேறு வேறாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே எங்களுக்கு அறை கொடுத்தார்கள். அன்று எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. இரண்டு ஆண்களுக்கிடையே அப்படி ஓர் உறவு இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழாததால் கிடைத்த சலுகை அது. அதை ஏற்பு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சேர்வராயன் கோயிலில் நடந்ததை இதிலிருந்து வேறாகவே நினைக்கிறேன். மலை உச்சியில், குனிந்து போக வேண்டிய சிறு குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் இருக்கும் கோயில் அது. தேங்காய் பழத்தட்டை வாங்கிய பூசாரி, யார் பெயருக்கு என்று கேட்டார். என் இணையர் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். "அண்ணன் தம்பிங்களா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, ஒரே வீடு" என்றார். "ஒரே வீடுன்னா ஒரே தட்டு போதும்" என்று சொல்லி, நான் நீட்டிய இரண்டாவது தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பூசை செய்தார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் தெரியும்.

இனி மருத்துவமனை. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஒரு நள்ளிரவில் அவருக்கு வயிற்றுவலி தாங்க முடியாமல் போய், நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குடல்வால் அழற்சி, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். பற்றவைத்துப் பற்றவைத்துக் கறுத்துப்போன அவர் விரல்நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் சரியான அளவைக் காட்டவில்லை. ஒவ்வொரு விரலாக மாற்றிப் பார்த்த செவிலியர், ஒன்றும் பயனில்லாமல் போகவே கடைசியில் காதுமடலில் மாட்டினார். அந்த நேரத்தில் சம்மதப் படிவம் வந்தது. நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் நான் 'இணையர்' என்று எழுதினேன். வரவேற்பில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, இரத்த சொந்தம் யாராவது வர வேண்டும் என்றார். அண்ணன் என்று எழுதியிருந்தால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள், எங்களைப் போன்றவர்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்னால் அன்று அப்படி எழுத முடியவில்லை.

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க அவருடைய சம்மதம்தான் வேண்டும், உறவினரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த என் இணையர் படிவத்தைக் கேட்டு வாங்கித் தாமே கையெழுத்திட்டார். மருத்துவர் அதை ஏற்றுக்கொண்டார், நிர்வாகம் ஏற்கவில்லை. ஈரோட்டிலிருந்து அவருடைய அக்கா கார் பிடித்து வந்து சேரும்வரை அவர் வலியோடு காத்திருந்தார். அக்கா வந்ததும் எந்தக் கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு கோப்பை என் கையில் கொடுத்து வரவேற்பாளரிடம், "நான் ஈரோட்டுல இருக்கறவ. இனிமே எது கேக்கறதா இருந்தாலும் இவருகிட்டயே கேளுங்க" என்றார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அக்கா ஈரோட்டில் இல்லாமல் வெளிநாட்டில் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பால் நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்றாகிவிட்டது. 2023 அக்டோபர் 17ஆம் தேதித் தீர்ப்பு எங்களைத் திருமணமான இணையராக ஏற்கவில்லை, அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. பந்தலும் மேளமும் வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படவில்லை. அந்த இரவில் நின்ற வரவேற்பு மேசையில் என் கையெழுத்து செல்ல வேண்டும். திருமண உரிமை எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி:

மேலே அந்த அக்காவைப் பற்றிப் படித்ததால் எழுதுகிறேன். நானும் ஓர் அக்காதான். எங்களுடையது நெசவுக் குடும்பம். என் தம்பி படித்து முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்ததும் வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று அவன் அப்பாவிடம் சொன்னபோது, அப்பா அவனை ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவரோ, கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இப்படி 'மாற்றுவதாக'ச் சொல்லிச் சிகிச்சை அளிப்பதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதத்தில் உத்தரவிட்டார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எங்களுக்கு இவையெல்லாம் தெரியவந்தது பின்னால்தான்.

இராசிபுரம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். தம்பி தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துப்போக நானும் உள்ளே போனபோது, அந்தப் பெண் சமையலறைக் கதவோரம் நின்று, "அக்கா, அவருக்கு இதுல சம்மதம்தானுங்களா? ஒரு தடவகூட நிமிந்து பாக்கலையே" என்று கேட்டாள். நல்ல பெண், என்னைவிடச் சிறியவள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இந்த இடம் அமையாது கண்ணு, உன்மேல ஒரு குறையுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு திரும்பியதும் அப்பாவிடமும் அதையே சொன்னேன். இவனுக்காக மட்டும் இல்லை, அந்தப் பெண்ணுக்காகவும் சொல்கிறேன் என்றேன். அப்பா என்னோடு பேசாமல் இருந்தது பல மாதங்கள். இப்போது தம்பியும் அவன் இணையரும் பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறார்கள். அப்பா அந்தப் பையனிடம் பாவு ஓடுவதையும் ஊடை கோப்பதையும் பற்றித்தான் பேசுவார், வேறெதுவும் பேச மாட்டார். அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறான்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். கட்டாயத் திருமணத்தால் உங்கள் பிள்ளையின் வாழ்க்கை மட்டும் கெடுவதில்லை, இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து கெடுகிறது.

ஏற்காட்டிலிருந்து, விடுதி ஒன்றில் வேலை செய்பவர்:

கன்னங்குறிச்சிக்காரர் சொன்னது உண்மை. இரண்டு ஆண்கள் வந்தால் நாங்கள் எதையும் யோசிப்பதில்லை. இரண்டு பெண்கள் மாலையில் வந்து அறை கேட்டால்தான் கேள்வி கிளம்புகிறது: தனியாகவா வந்தீர்கள், வீட்டில் தெரியுமா, எண் கொடுங்கள் என்று. ஒரு டிசம்பரில் இரண்டு பெண்களிடம் எங்கள் மேலாளர் இப்படிக் கேட்டதும், அவர்களில் மூத்தவர் தம் அடையாள அட்டையை மேசையில் வைத்து, "வயசு போட்டிருக்கு, படிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். மேலாளர் அறை கொடுத்தார். அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. வயதுவந்தவர்களிடம் உறவுமுறையைக் கேட்டு அறை மறுக்கச் சொல்லும் சட்டம் ஏதும் இல்லை. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

மீண்டும் கன்னங்குறிச்சியிலிருந்து:

சகோதரியின் பதிவை என் இணையரிடம் இருமுறை படித்துக் காட்டினேன். தாள்கள் விஷயத்தில் நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்று அந்த இளைஞர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். ஒரே பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடவும் தடையில்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28ஆம் தேதி விளக்கமளித்தது. அதன் அச்சுப்படியோடு வங்கிக்குப் போனோம். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு அன்றே படிவம் கொடுத்தார். ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுக்குத்தான் போகும். எனவே உயில் கட்டாயம் எழுதுங்கள். அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். ஆனாலும் பின்னால் யாரும் வழக்குப் போட்டு அலைக்கழிக்காமல் இருக்க நாங்கள் பதிவு செய்தோம். சாட்சிகளில் ஒருவர் ஈரோட்டு அக்கா. அவர் சம்மதித்ததால் நாளைக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

திருமணம் ஒன்றுதான் குடும்பத்தை உருவாக்கும் வழி என்றில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய இணையரோடு போக அனுமதித்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பின் நகலும், சிகிச்சை முடிவுகளில் ஒருவருக்காக மற்றவரைக் கலந்துகொள்ளுமாறு இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட தாளும் எங்கள் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. இப்போது ஒரு மருத்துவமனையில் பதிவு செய்யப் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுகிறேன். சென்ற ஆடியில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது வேறொரு மருத்துவமனையில் அதை வாங்கிப் படித்த பெண், அவசரத் தொடர்பு என்ற இடத்தில் என் எண்ணை எழுதிவிட்டு, உறவு என்ற இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.