பிரேக் ஏர் எடுக்க: உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்து, பழைய கரோலாவோ சிவிக்கோ வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் ஓடும் லைனில் காற்று இருக்கலாம், அதை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தாலும் கவனிக்க வேண்டிய நேரம்தான். ஏப்ரலில் விண்டர் டயரை மாற்றும்போதே இதையும் முடித்துவிடலாம், சக்கரம் எப்படியும் கழன்றிருக்கும்.

முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். அடுக்குமாடி பார்க்கிங்கில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். டிரைவ்வே உள்ள நண்பர் வீடு நல்லது, தரை சமமாக இருந்தால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே வேண்டாம், ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். ஹைப்ரிட் வண்டி, பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டி என்றால் கராஜில் கொடுத்துவிடுங்கள். அவற்றில் சிலவற்றுக்கு ஸ்கேன் டூல், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி வேண்டும்.

எந்த ஆயில் என்பது வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே இருக்கும். பெரும்பாலும் டாட் 3 (DOT 3) அல்லது டாட் 4. டாட் 5 என்று தனியாக இருப்பது சிலிகான், அதை ஊற்றவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். அதனால் போன வருடம் திறந்து வைத்த பாட்டிலை எடுக்காதீர்கள், சீல் உடையாத புதுசு வாங்குங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டை அரித்துவிடும்.

இங்கே உண்மையான தலைவலி நிப்பிள்தான், அதாவது ஒவ்வொரு சக்கரத்து பிரேக்கிலும் காற்றை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு. ரோட்டில் போடும் உப்பு அதைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். முதல் தடவை இளக்க ஆறு முனை சாக்கெட்தான், சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும். இளகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். உடைந்தால் அது பொருந்தியிருக்கும் காலிப்பரையே (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) மாற்ற வேண்டி வரலாம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போவதில் தவறே இல்லை.

இளகியதும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். இன்ஜின் ஆஃப். உள்ளே உட்காருபவர் மனைவியோ, கணவரோ, ரூம்மேட்டோ, யாராக இருந்தாலும் அவருடைய வேலைதான் முக்கியம். மெதுவாக மிதித்து, "பிடிச்சிருக்கேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் பெடல் கீழே இறங்கும், டியூபில் குமிழி ஓடும். அவர் மிதித்த கால் அப்படியே இருக்கட்டும். நிப்பிளை மூடிவிட்டு நீங்கள் "விடு" என்ற பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். மூடும் முன் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். "விடாதே" என்று மட்டும் கத்தாதீர்கள், கதவுக்கு அந்தப் பக்கம் பாதிதான் கேட்கும். பழைய வண்டியில் பெடல் அடிமட்டம் வரை போகாமல் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கெடாமல் இருக்கும்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து ஊற்றுங்கள். ஆயில் MIN என்ற கோட்டுக்குக் கீழே போய் காற்று இழுத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளே காற்று போனால் ஸ்கேன் டூலும் தேவைப்படலாம். பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள வலது பின் சக்கரத்தில் தொடங்கி, இடது பின், வலது முன், இடது முன் என்று வருவார்கள். பல ஹோண்டா வண்டிகளுக்கு வரிசையே வேறு, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

முடிந்ததும் நிப்பிள்களில் ஆயில் கசிகிறதா பாருங்கள், ரப்பர் மூடியைப் போடுங்கள். இன்ஜின் போடாமலே பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். இன்ஜின் போட்டதும் கொஞ்சம் இறங்கி நிற்பது சரிதான், ஆனால் அழுத்திப் பிடித்திருக்கும்போது இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம் டிரைவ்வேயிலேயே மெல்ல நகர்த்தி, நாலைந்து முறை பிரேக் அடித்துப் பார்த்துவிட்டு ரோட்டுக்குப் போங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய பாட்டிலில் வைத்து, உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.