குளிர்கால உப்பு ரோடு: பைக்கில் துரு ஏறாமல் காப்பாற்ற வழி உண்டா?

லெஸ்டர்வாசி

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து கவென்ட்ரிக்கு தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். 500 சிசி வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கார் கிடையாது, அதனால் குளிர்காலத்திலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். ரோட்டில் ஐஸ் உறையாமல் இருக்க உப்பு தூவ ஆரம்பித்ததிலிருந்து வண்டி கண்ணெதிரே கிழடாகிறது. பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) முழுக்கப் பழுப்பு. போல்ட் தலைகளில் துரு. செயின் ஒரே ராத்திரியில் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. இன்ஜின் கேஸில் வார்னிஷுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். இப்போது வண்டியைத் தள்ளினால் முன் சக்கரம் லேசாக இழுத்துப் பிடிக்கிறது.

கராஜ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரஷர் வாஷ் செய்கிறேன், மற்ற நாட்களில் வந்ததும் கவர் போட்டு மூடிவிடுகிறேன். வேறு என்ன செய்யலாம்? டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் போதுமா? போல்ட்டையெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாமா?

தூத்துக்குடிக்காரன்

சகோ, எங்கள் ஊரில் உப்பளக் காற்றுக்கே வண்டி அரித்துவிடும். சர்வீஸ் விடும்போது வாட்டர் வாஷ் முடிந்ததும் அடிப்பக்கம் டீசல் ஸ்பிரே அடித்துத் தரச் சொல்வோம். செலவு கம்மி. அதையே செய்து பாருங்கள்.

பழைய ஸ்பேனர்

தூத்துக்குடி நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், டீசல் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் சீல், புஷ், ஹோஸ் என்று ரப்பர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் உப்பிப்போகும். டயரிலோ டிஸ்க்கிலோ நாலு துளி பட்டால் கதையே வேறு. போதாததற்கு மண்ணையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

லெஸ்டர் தம்பி, நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன், இங்கே குளிர்காலம் இன்னும் நீளம். முதலில் அந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ரோட்டில் தூவுவது செஷயரில் வின்ஸ்ஃபோர்டு மாதிரி சுரங்கங்களில் வெட்டி எடுக்கிற பாறை உப்பு. சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான், செம்மண் கலந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பிரிட்டனில் குளிர்காலத்தில் முக்கால்வாசி நாள் ஈரப்பதம் அதற்கு மேலேதான். மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் வண்டி மேல் உப்புத்தண்ணீர் பூசிக்கொண்டேதான் நிற்கிறது. காய்ந்தால்தானே துரு நிற்கும்?

அதனால் உப்போடு ஈர வண்டியை மூடுவதை இன்றே நிறுத்துங்கள். கவருக்குள் புழுங்கி, வெளியே நிற்பதைவிடச் சீக்கிரம் அரிக்கும். ஹீட்டர் வைத்த கராஜ் இருப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கழுவாத வண்டியைச் சூடான இடத்தில் விட்டால் துரு வேகம் பிடிக்கும்.

வாரம் ஒரு பிரஷர் வாஷைவிட தினமும் ரெண்டு நிமிடம் ஹோஸ் பைப்பில் சாதாரணத் தண்ணீர் மேல். சக்கரம், பெண்ட் பைப், ஸ்விங் ஆர்ம் அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்ட் முளை, இதற்கெல்லாம் காட்டினால் போதும். டேங்க் பளபளப்பை மார்ச் மாதம் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் வாஷர் வைத்துத்தான் தீருவேன் என்றால் வீல் பேரிங், ஹேண்டில்பார் கோன் செட், செயின் பக்கம் நேராகப் பிடிக்காதீர்கள். கிரீஸ் வெளியே வந்து உப்புத்தண்ணீர் உள்ளே போகும்.

லெஸ்டர்வாசி

நன்றி அண்ணா. பச்சைத் தண்ணீரில் கை விறைத்துப்போகிறது. வெந்நீரில் கழுவலாமா? உப்பும் சீக்கிரம் கரையுமே?

பழைய ஸ்பேனர்

வெந்நீரில் ரொம்பக் கூடுதலாகக் கரைவது சர்க்கரைதான், உப்புக்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை. 100 மில்லி தண்ணீரில் சாதாரண வெப்பத்தில் சுமார் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்கிற தண்ணீரில் 39 கிராம்தான். வெந்நீரால் பெரிய லாபமில்லை, உலோகத்தைச் சூடாக்கி அரிப்பை வேகப்படுத்துவதுதான் மிச்சம். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

லீட்ஸ் புல்லட்டம்மா

கழுவுவது பாதி வேலைதான் தம்பி. உப்பு உலோகத்தைத் தொடாமல் ஒரு படலம் வேண்டும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் அந்தப் படலம் ரொம்ப மெல்லிசு, ரெண்டு மழையில் போய்விடும். இங்கே பலர் அடிப்பது ஏசிஎஃப்-50 என்கிற துருத் தடுப்பு ஸ்பிரே. முதலில் விமானங்களுக்காக வந்தது. வண்டியை நன்றாகக் கழுவி, முழுசாகக் காயவைத்து, துணியில் நனைத்துத் துடைத்தாலே போதும். பளபளவென்று வழிகிற அளவுக்கு அடிக்க வேண்டாம், ஒரு டின் ரொம்ப நாள் வரும். ஒயர் கனெக்டருக்குள் போனாலும் கெடுதல் இல்லை. டிஸ்க், பேட், டயர் பக்கம் மட்டும் போகவே கூடாது. நான் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் டின்னையே திறப்பேன்.

அடித்த பிறகு வண்டி அழுக்காகத்தான் தெரியும். பார்ப்பவர்கள் கேட்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். மறுபடி ஷாம்பு போட்டுத் தேய்த்தால் படலம் போய்விடும், தினமும் வெறும் தண்ணீர்தான். பெண்ட் பைப்பில் அடித்தால் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். அதற்குத் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு சூடு தாங்கும் பெயின்ட்தான் வழி.

செயினுக்கு: வீட்டுக்கு வந்ததும் சூடாக இருக்கும்போதே ஆயில் போட்டுவிடுங்கள். ஓ-ரிங் செயின் (கண்ணிகளுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையம் வைத்தது) என்றால் மண்ணெண்ணெயில் துடைக்கலாம், பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும்.

பழைய ஸ்பேனர்

அம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். முன் சக்கரம் இழுக்கிறது என்றாரே, அது அழகுப் பிரச்சினை இல்லை. காலிபர், அதாவது பிஸ்டனால் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம், ஜாம் ஆகிக்கொண்டிருக்கிறது.

காலிபர் அலுமினியம். டஸ்ட் சீல் உட்காரும் பள்ளத்துக்குள் உப்புத்தண்ணீர் நுழைந்தால் அங்கே வெள்ளைப் பொடி பூக்கும். அது சீலைப் பின்னாலிருந்து தள்ள, சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். லிவரை விட்டாலும் பேட் டிஸ்க்கை விடாது.

காலிபரைக் கழற்றி பேடை வெளியே எடுங்கள். நடுவில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு லிவரை மெதுவாக அழுத்துங்கள், பிஸ்டன் கொஞ்சம் வெளியே வரட்டும். கட்டை இல்லையென்றால் பிஸ்டன் கழன்று விழுந்துவிடும், ஜாக்கிரதை. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் வைத்துப் பிஸ்டனைச் சுற்றித் தேய்த்து, துடைத்து, ரெட் ரப்பர் கிரீஸ் லேசாகத் தடவி உள்ளே தள்ளுங்கள். சாதா கிரீஸ், ஆயில், டபிள்யூடி-40 எதுவும் அந்த சீல் பக்கம் வரக்கூடாது. காலிபர் நகர்கிற ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். கையால் தள்ளி பிஸ்டன் உள்ளே போகவில்லையென்றால் நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம், சீல் கிட் மாற்ற மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

காலையில் டிஸ்க் ஆரஞ்சாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரெண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் விஷயம்: போல்ட் துருப்பிடிக்காது, ஆனால் அது உட்காரும் அலுமினியம் கூடுதலாக அரிக்கும். ரெண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத்தண்ணீர், பேட்டரி மாதிரி வேலை செய்யும். மாற்றினால் மரையில் ஆன்டி-சீஸ் (போல்ட் இறுகி ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவாமல் மாற்றாதீர்கள். பிரேக், சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் கை வைக்காதீர்கள், அவற்றின் வலு வேறு.

லெஸ்டர்வாசி

அண்ணா, காலிபரைக் கழற்றினேன். ஒரு பிஸ்டன் நகரவே சோம்பேறித்தனம் காட்டியது, தேய்த்த பிறகு கையால் தள்ளியதும் போய்விட்டது. இப்போது சக்கரம் லேசாகச் சுற்றுகிறது. பேட் பின் துருப்பிடித்து ஒட்டியிருந்தது, புதுசு போட்டுவிட்டேன். அந்த வெள்ளைப் புழுக் கோடுகளுக்கு என்ன செய்ய?

பழைய ஸ்பேனர்

இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது. வார்னிஷில் விழுந்த சின்னக் கீறல் வழியாக உப்பு உள்ளே போய் அடியிலேயே ஓடுகிறது. வெயில் காலத்தில் வார்னிஷைச் சுரண்டி எடுத்து மறுபடி அடித்தால்தான் போகும். அதுவரை ஏசிஎஃப்-50 தடவி வையுங்கள், பரவுவது குறையும்.

லீட்ஸ் புல்லட்டம்மா

அப்புறம் முன் ஃபோர்க் குழாயை மறந்துவிடாதீர்கள். தினமும் கழுவியதும் துணியால் அதை ஒரு துடை துடைத்துவிடுங்கள். சின்னப் புள்ளி விழுந்தாலும் ஃபோர்க் சீலைக் கிழித்துவிடும், ஆயில் நிறையக் கசிந்தால் எம்ஓடி என்கிற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகத்தால் தடவிப் பாருங்கள், எங்காவது மாட்டினால் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.