எம்டனுக்கு இவ்வளவு துரு தேவையா?

கரிமூட்டை:
நான்கு மாதமாக மேசையை அடைத்துக்கொண்டிருந்த எம்டன் ஒருவழியாக முடிந்தது. முதல் உலகப் போர் ஜெர்மன் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாடல், ரெவெல் கம்பெனி கிட், 1/350 அளவு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வெளியே நின்று பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டதே, அந்த நேரத்துக் கோலம். ஆகஸ்ட் 6 அன்று சீனத் துறைமுகமான சிங்டாவோவை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய கப்பல், ஏறக்குறைய ஏழு வாரம் எந்தப் பட்டறையையும் பார்க்கவில்லை. அதனால் பக்கங்களில் துருவைத் தாராளமாக இறக்கியிருக்கிறேன்: நங்கூரத் துளைக்குக் கீழே, வட்ட ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் கீழே, நீர்க்கோட்டை ஒட்டி முழுக்க. வீட்டில் பார்த்தவர்கள் நிஜக் கப்பல் மாதிரியே இருக்கிறது என்றார்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அளவுகோல்:
அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அதனால் திட்டுகிறேன். கட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கைப்பிடிக் கம்பிகள் ஒன்றுகூடக் கோணவில்லை. ஆனால் துரு? 1/350 அளவில் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 35 செ.மீ. நங்கூரத்துக்குக் கீழே நீங்கள் இழுத்திருக்கும் கறை படத்தில் பார்த்தால் 2 மி.மீ. இருக்கும், அப்படியானால் 70 செ.மீ. அகலத்துக்குத் துரு ஆறாக ஓடுகிறது. 118 மீட்டர் கப்பல் உங்கள் மேசையில் 34 செ.மீ., அதை 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பதும் நிஜக் கப்பலை 105 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் ஒன்று. அவ்வளவு தூரத்திலிருந்து ஜன்னல் ஜன்னலாகத் துருவை எண்ண முடியுமா?

அப்புறம், எந்தப் படத்தை வைத்துக்கொண்டு செய்தீர்கள்? வடக்குக் கீலிங் தீவில் தரைதட்டிக் கிடக்கும் எம்டன் படம்தான் என்று தோன்றுகிறது. நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிவாங்கி, எரிந்து, அலையில் கிடந்த பிணம் அது. பிணத்தைப் பார்த்து மாப்பிள்ளைக்கு அலங்காரம் செய்யலாமா?

துருப்பிடித்தவன்:
வந்துவிட்டார் கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு. சார், அளவைச் சுருக்கினால் நிழலும் வெளிச்சமும் கூடவே சுருங்கிவிடுகிறதா? நிஜக் கப்பல் மேல் விழும் வெயில் அதன் ஒவ்வொரு மடிப்பையும் காட்டும். என் வீட்டு ட்யூப் லைட்டில் 34 செ.மீ. பிளாஸ்டிக் சாம்பல் கலர் சோப்புக்கட்டி மாதிரிதான் தெரியும். தெருக்கூத்தில் அரிதாரத்தை அப்பிக்கொள்வது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் முகம் தெரியத்தான். வெதரிங்கும், அதாவது மாடலில் துருவும் அழுக்கும் காட்டும் பூச்சும், அதே வேலைதான் செய்கிறது. கரிமூட்டை, கை வைக்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

அளவுகோல்:
சோப்பு என்றதும் ஞாபகம் வந்தது. செப்டம்பர் 10 அன்று எம்டன் பிடித்த இண்டஸ் கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகச் சோப்பு எடுத்துக்கொண்டார்கள், அதற்கு முன் சோப்புக்கே தட்டுப்பாடு. சென்னையைத் தாக்கப் போகும் முன் எல்லாரும் குளித்துச் சுத்தமான உடுப்பு போட்டுக்கொண்டார்கள், காயம் பட்டால் சீழ் பிடிக்கக் கூடாதென்று. அவ்வளவு ஒழுங்கான கப்பல். கேப்டன் முல்லர் ஜன்னலுக்கு ஜன்னல் துரு ஒழுக விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

துருப்பிடித்தவன்:
குளித்தது மாலுமிகள், கப்பல் இல்லை.

கடல்காக்கை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பிளாஸ்டிக் கப்பல் புதிது, நிஜக் கப்பலில் 22 வருஷம் இருந்தவன், அதில் பாதி வருஷம் துருவைக் கொத்தி எடுக்கும் சிப்பிங் சுத்தியலும் பெயின்ட் டப்பாவுமாகப் போனது. நீங்கள் இருவருமே பாதிதான் சரி.

துரு இஷ்டத்துக்கு வராது. தண்ணீர் வழியும் இடத்தில் வரும், இரும்பு உரசும் இடத்தில் வரும். நங்கூரச் சங்கிலித் துளை, தளத்துத் தண்ணீர் வெளியேறும் ஸ்கப்பர், கயிறு உரசும் விளிம்பு, அவ்வளவுதான். ஒழுங்காகப் பெயின்ட் அடித்த ஜன்னல் வளையத்துக்குக் கீழே ஏழு வாரத்தில் மீசை மாதிரித் துரு இறங்காது. இறங்கினாலும் தளத்து ஆள் தொங்குபலகையில் இறங்கி ஒரு கை அடித்துவிடுவான், அதனால் புதுப் பெயின்ட் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரே சாம்பலில் நாலு சாம்பல். யாருமே மாடலில் அதைச் செய்வதில்லை.

எம்டனில் நான் பார்க்க விரும்புவது கரி. நடுக்கடலிலும் ஒதுங்கிய தீவுகளிலும் மார்கோமானியா போன்ற நிலக்கரிக் கப்பலைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாக நிலக்கரி ஏற்றினார்கள், கிடங்கு நிரம்பினால் தளத்தின் மேலும் குவித்தார்கள். அலையில் இரண்டு கப்பல் பக்கம் பக்கமாக நின்றால் என்ன தடுப்பு போட்டாலும் உரசும், நெளியும். அப்படி உரசினால் முதலில் தெரிவது துரு இல்லை தம்பி, வெள்ளை. சமாதான காலத்தில் அந்தக் கப்பலுக்கு வெள்ளைப் பெயின்ட், அதனால்தான் கிழக்கின் அன்னம் என்றார்கள். போருக்காக அதன் மேல் சாம்பல் அடித்தார்கள். பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டு அடிக்கவா நேரம் இருந்திருக்கும்? என் கணக்கு, சாம்பல் பெயர்ந்தால் கீழே வெள்ளை பல்லைக் காட்டும்.

கரிமூட்டை:
வெள்ளை எனக்குத் தோன்றவே இல்லை. கீலிங் படத்தைப் பார்த்துத்தான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீர்க்கோட்டை விட மாட்டேன். ஏழு வாரம் வெப்பக் கடலில் ஓடிய அடிப்பாகம் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்குமா?

அளவுகோல்:
அதை நான் எதிர்க்கவில்லை. அக்டோபர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டியாகோ கார்சியா தீவுக்குப் போனபோது தொட்டிகளில் தண்ணீர் விட்டுக் கப்பலை ஒரு பக்கம் சாய்த்து அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். தீவில் இருந்தவர்களுக்குப் போர் வந்த செய்தியே தெரியாது, அவர்கள்பாட்டுக்கு வரவேற்று உபசரித்தார்கள். சென்னைக்கு வந்தது அதற்கு முன்னால், அதனால் பச்சைப் பட்டை உங்கள் பக்கம். ஆரஞ்சுத் துரு வேண்டாம், அழுக்குப் பச்சையும் மேலே உப்பு காய்ந்த வெளிறலும் போதும்.

துருப்பிடித்தவன்:
அப்படியானால் புகைபோக்கிக் கரியை மட்டும் ஏன் யாரும் பேசவில்லை? எம்டன் பிடித்த பொன்டோபோரஸ் கப்பலில் இருந்தது கல்கத்தாவில் ஏற்றிய நிலக்கரி, மட்டமான சரக்கு, எரித்தால் புகை மண்டும். நல்ல வெல்ஷ் கரி, அதாவது வேல்ஸ் நாட்டுக் கரி, கிடைத்தது செப்டம்பர் 27 அன்று பியூரெஸ்க் கப்பலைப் பிடித்த பிறகுதான், சென்னைக்கு ஐந்து நாள் கழித்து. மூன்று புகைபோக்கியின் வாயும் பின்பக்கத் தளமும் கருத்துக் கிடக்கலாம். இதற்கும் கால்குலேட்டர் வருமா?

அளவுகோல்:
வராது. இதில் நீங்கள் சொல்வது சரி. பின்பக்கம் மட்டும் கருக்கட்டும்.

புதுக்கை:
நடுவில் ஒரு சந்தேகம், கோபிக்காதீர்கள். ஏற்கெனவே போட்ட துருவைப் பெயின்டோடு பெயர்க்காமல் எடுக்க முடியுமா? ஹார்டுவேர் கடை டர்பன்டைன் ஊற்றலாமா? போன மாதம் அப்படி ஊற்றி என் படகின் ஓரம் பொரிந்துவிட்டது.

அளவுகோல்:
ஊற்றக் கூடாது, தொட வேண்டும். கீழே சாம்பல் அக்ரிலிக், அதன் மேல் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் ஆயில் பெயின்ட் துரு என்ற வரிசையில் இருந்தால்தான் இது நடக்கும். தட்டைத் தூரிகையை டர்பன்டைனில் நனைத்து அட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பக்கவாட்டில் தேய்த்தால் கெட்டது. வரும் அழுக்கை ஒவ்வொரு இழுப்புக்கும் துடைக்க வேண்டும். மூலையில் திரவம் தேங்கினால்தான் பிளாஸ்டிக் விரிசல் விடும், உங்கள் படகுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். ஆயில் பெயின்ட் காய்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் பாதிதான் வரும். மீதியை மெல்லிய சாம்பலால் மூடிவிடுங்கள், கடல்காக்கை சொன்ன திட்டுப் பெயின்ட் இலவசமாகக் கிடைக்கும்.

துருப்பிடித்தவன்:
கடைசியாக அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மட்டும் மழை நாளில் அடிக்காதே தம்பி. போன ஐப்பசியில் மொட்டை மாடியில் அடித்து, கப்பல் முழுக்க விபூதி பூசின மாதிரி வெளுத்துவிட்டது. அதையும் உப்பு வெதரிங் என்று சொல்லித்தான் நண்பர்களிடம் காட்டினேன்.

கரிமூட்டை:
நேற்று இரவு இடது பக்கத்தை மட்டும் திருத்தினேன். ஜன்னல் துரு முழுக்கப் போய்விட்டது. நங்கூரத்துக்குக் கீழே ஒரு கோடு விட்டிருக்கிறேன், முடி அளவு, ஊசி முனையால் இழுத்தது. நடுப்பக்கத்தில் ஸ்பாஞ்சைக் கிள்ளி, வெள்ளையைத் தொட்டு, அட்டையில் பத்து முறை ஒற்றிவிட்டு, பதினோராவது முறை கப்பலில் ஒற்றினேன். அதன் மேல் கரித்தூளைக் காய்ந்த தூரிகையால் தடவினேன். படம் கீழே. பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஒன்றும் செய்யாத மாதிரி. ஆனால் ஜன்னலோரம் வைத்துக் கண்ணை அதன் நீர்க்கோட்டுக்கு இறக்கிப் பார்த்தபோது சட்டென்று பெரிதாகிவிட்டது. இதைப் படத்தில் பிடிக்க முடியவில்லை.

கடல்காக்கை:
இந்தப் பக்கம் உரசின கப்பல். வெள்ளைப் பெயர்ச்சல் இரண்டு இடம் குறைத்திருக்கலாம், மற்றபடி எனக்குச் சரி.

துருப்பிடித்தவன்:
சோப்புக்கட்டி. ஆனால் நல்ல சோப்புக்கட்டி. வலது பக்கத்தைத் தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அளவுகோல்:
வலதையும் முடித்துவிடுங்கள்.

கரிமூட்டை:
வலது அப்படியே இருக்கும். கூடத்து அலமாரியில் வலது பக்கம்தான் முன்னால் தெரிகிறது, மாமா வந்தால் அதைத்தான் தட்டிக்கொடுப்பார், அவர் சின்ன வயதில் துறுதுறுவென்று திரிந்ததால் பாட்டி அவரை எம்டன் என்றே கூப்பிடுவார்களாம். நீங்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் திருப்பி வைக்கிறேன்.