ஈஎம்ஆர் போட்டு எட்டு மாசம் ஆச்சு, அப்பா இன்னும் சீட்டுலதான் எழுதறாரு

சின்னடாக்டர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுது 30 பெட் நர்சிங் ஹோம், அப்பா ஆரம்பிச்சது. ஈஎம்ஆர், அதாவது பேஷண்ட் ரெக்கார்டை கம்ப்யூட்டர்ல வைக்கற சாஃப்ட்வேர், வாங்கி எட்டு மாசம் ஆகுது. பில்லிங், பார்மசி, லேப் மூணும் ஜம்முனு ஓடுது, டாக்டருங்க பக்கம்தான் நகரவே மாட்டேங்குது. அப்பா ஒரு நாளைக்கு 100 ஓபி பாக்கறவரு, டைப் அடிச்சா பேஷண்ட் மூஞ்சியை எப்ப பாக்கறதுன்னு கேட்டுட்டு பழையபடி சீட்டுல எழுதறாரு, அதை ஒரு சிஸ்டர் சாயங்காலம் உக்காந்து ஏத்தறாங்க, அவர் கையெழுத்து புரியாம ரெண்டு தடவை மருந்து பேரே மாறி ஏறிடுச்சு. நல்லவேளை பார்மசில சீட்டைப் பார்த்துதான் குடுத்தாங்க. உங்க இடத்துல எல்லாம் எப்படி பழக்கினீங்க? வென்டரைக் கேட்டா இன்னொரு டிரெய்னிங் போடலாம்ங்கறான், அதுக்கு தனி பில்லு.

வார்டுசிஸ்டர்:
சார், தப்பா நினைக்காதீங்க, பெரிய டாக்டரை மட்டும் சொல்லாதீங்க. நான் 11 வருஷமா வார்டுல இருக்கேன். எங்க ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வந்தப்ப பேப்பரை எடுக்கவே இல்ல. கேஸ் ஷீட்லயும் எழுதணும், சிஸ்டத்துலயும் ஏத்தணும். நைட்டுல 20 பேஷண்ட், ரெண்டு சிஸ்டர், ஸ்டேஷன்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர், அப்புறம் என்ன நடக்கும், விடியக்காலை அஞ்சு மணிக்கு உக்காந்து மொத்தமா ஏத்துவோம், பாதி பேருக்கு பிபி 120/80தான் 😅 மறைக்க என்ன இருக்கு. லாகினும் எல்லாருக்கும் ஒண்ணே, பாஸ்வேர்டு மானிட்டர்லயே ஒட்டியிருக்கும். ஒரு நாள் ஒரு ஊசி போட்டாச்சா இல்லையான்னு பிரச்சனை வந்தப்ப யார் என்ட்ரின்னே சொல்ல முடியல. முதல்ல ஒரே ஒரு வார்டுல பேப்பரை மொத்தமா எடுங்க, ட்ராலில ஒரு லேப்டாப் குடுங்க, ஆளுக்கு ஒரு லாகின் குடுங்க. ரெண்டு இடத்துல எழுதச் சொல்ற வரைக்கும் ரெண்டுமே உருப்படாது.

பிஎச்சிமெடிக்கல்ஆபீசர்:
சிஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறு. கவர்மென்ட் பக்கமும் இதே கதைதான், எங்க விஎச்என், அதான் கிராம சுகாதார நர்ஸ், ரிஜிஸ்டரும் எழுதுவாங்க, டேப்லயும் போடுவாங்க. ஆனா கர்ப்பிணிகளைப் பதிவு பண்ற பிக்மீ மட்டும் எப்படி நின்னுச்சுன்னு பாருங்க. அந்த நம்பர் இருந்தாதான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து மகப்பேறு உதவிப் பணம், குழந்தைக்கு பிறப்பு சர்டிபிகேட் எல்லாம், அதனால அம்மாங்களே வந்து என் நம்பர் ஏறிடுச்சான்னு கேக்கறாங்க. 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்புறம் சுகர், பிபி பேஷண்ட் விவரமும் ஆப்ல ஏறுது. போன மாசம் பிபி எவ்வளவுன்னு திரையில தெரிஞ்சா டாக்டர் தானா பார்ப்பார், தெரியாத ஒண்ணுக்காக எவன் டைப் அடிப்பான்?

இன்னொண்ணு, ஆபா நம்பர், அதான் மத்திய அரசு குடுக்கற ஹெல்த் ஐடி, எடுத்துட்டா எல்லா ரெக்கார்டும் தானா வந்து குதிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அந்த 14 இலக்கம் ஒரு விலாசம் மாதிரி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி தன் சாஃப்ட்வேரை அதோட இணைச்சிருக்கணும், பேஷண்ட்டும் சம்மதம் குடுக்கணும், அப்பதான் ரெக்கார்டு நகரும். ஓபில க்யூஆர் ஸ்கேன் பண்ணி டோக்கன் வாங்கறது மட்டும் நிஜமாவே நல்லா இருக்கு, பேர் எழுதற வரிசை கொறைஞ்சிருக்கு.

பழையபிசிஷியன்:
தம்பி, எனக்கு 61 வயசு, நானும் உங்க அப்பா மாதிரிதான் முறைச்சேன். அவரை டைப் அடிக்கச் சொல்லாதீங்க. அவர் வழக்கமா எழுதற மருந்து மிஞ்சிப்போனா 40, 50 இருக்கும், அதை டோஸோட ஃபேவரிட்ல போட்டு வைங்க. பக்கத்துல ஒருத்தரை உக்கார வைங்க, அவர் சொல்லச் சொல்ல அடிக்கட்டும், பேஷண்ட் எந்திரிக்கறதுக்கு முன்னாடி ப்ரிண்ட்டைப் பார்த்து கையெழுத்து. சாயங்காலம் ஏத்தற வேலை மட்டும் ஆகவே ஆகாது, தப்பு அங்கதான் வருது. காபி பேஸ்ட்டுக்கும் ஒரு கண்ணு வைங்க, ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் நோட்ல "நாளை காலை சர்ஜரி"ன்னு இருந்ததை நானே பார்த்திருக்கேன்.

சட்டம் பேசினா கேப்பார்னா, 2002 மெடிக்கல் கவுன்சில் ரெகுலேஷனைக் காட்டுங்க. உள்நோயாளி ரெக்கார்டு மூணு வருஷம் வச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும், கம்ப்யூட்டர்ல ஏத்த முயற்சி பண்ணணும்னும் அதுலயே இருக்கு. உங்க மாடியில மூட்டை கட்டி வச்சிருக்கற ஃபைல்ல ஒண்ணை 72 மணி நேரத்துல எடுத்துக் குடுக்கச் சொல்லிப் பாருங்க 🙂

சின்னடாக்டர்:
மாடியில மூட்டை இருக்கறது உங்களுக்கு எப்படி சார் தெரியும் 😂 மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன். அப்பாகிட்ட ஒரு சுகர் பேஷண்ட்டோட ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) கிராஃபைக் காட்டினேன், லேப் டேட்டாதான் எட்டு மாசமா ஏறிட்டே இருக்கே. கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துட்டு, இதை ஏன்டா முன்னாடியே காட்டலன்னு என்னையே திட்டறாரு. ஒரு ஆளை பக்கத்துல உக்கார வச்சாச்சு, ஃபேவரிட்ல 46 மருந்து. ஓபி ஒரு மணி நேரம் இழுக்குது இப்போதைக்கு. பெண்கள் வார்டுல பேப்பரை எடுத்துட்டோம், ஆனா ட்ராலியை ப்ளக் இருக்கற கட்டில்கிட்டயே நிறுத்திடறாங்க.

வார்டுசிஸ்டர்:
லேப்டாப் பேட்டரி போயிருக்கும் சார், மாத்திக் குடுங்க, நகரும். ஆளுக்கு ஒரு லாகின் குடுத்தீங்களா, அதைச் சொல்லவே இல்லையே?